அண்ணே, பல்வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க!



வழக்கமா இந்தப் பக்கத்துக்கு வர்ற லெட்டர்ஸ் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். முடி கொட்டுது, பிம்பிள் போகலை, எக்ஸாம் நேரத்துல வயிறு கலக்குது... இந்த வாரம் வந்தது வேற மாதிரி லெட்டர். படிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் எதுவும் ஓடலை. திருவண்ணாமலையில் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி எழுதியது. பெயர் வேண்டாம். அவன் எழுதினதையே கொஞ்சம் சுருக்கித் தர்றேன்.

"அக்கா, எங்க வீட்டுல நான் ஒரே பையன். எனக்கு ஒரு அக்கா. கல்யாணமாகி நாலு வருஷம் கழிச்சு இப்பதான் உண்டாகியிருக்கா. ஆறாவது மாசம். எங்க அம்மா அருணாசலேஸ்வரருக்கு கரும்புத் தொட்டில் வேண்டியிருக்காங்க. தீபத்துக்கு அக்கா இங்க வந்திருந்தா. ராத்திரி பத்து மணிக்கு அவளுக்குப் பயங்கர பல்வலி. அழுதுட்டா. ஊரு முழுக்க கூட்டம், ஆட்டோகூட நகராது. நான் ஓடிப் போய் ஒரு மெடிக்கல்ல 'அண்ணே, பல்வலிக்கு மாத்திரை குடுங்க'ன்னு கேட்டேன். 'யாருக்கு?'ன்னாரு. 'அக்காவுக்கு'ன்னேன். 'வயசு?'ன்னாரு. '26'ன்னேன். கத்தரிச்சுக் குடுத்தாரு. அக்கா ராத்திரி ஒண்ணு, காலையில ஒண்ணு போட்டா. வலி போயிடுச்சு. மறுநாள் அந்தத் துண்டு அட்டையைப் பார்த்தேன். பேரு பாதிதான் இருந்தது, '...ஃபினாக்'னு. நெட்ல தேடினேன். கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாதுன்னு போட்டிருந்தது. குழந்தையோட கிட்னி, இதயம்னு என்னென்னமோ வந்தது. அப்படியே மூடிட்டேன். பத்து நாளாச்சு. அக்காகிட்ட சொல்லலை. யாருகிட்டயும் சொல்லலை. சாப்பாடு இறங்கலை. நான் குழந்தைக்கு ஏதாவது பண்ணிட்டேனா?"

லெட்டரின் கீழே போன் நம்பர் இருந்தது. அன்னைக்கே போன் போட்டேன். ஒரே விஷயம்தான் சொன்னேன்: "தம்பி, இன்னைக்கே அக்காகிட்ட சொல்லு. நாளைக்கு அவங்க பார்க்கிற டாக்டர்கிட்ட அந்தத் துண்டு அட்டையோட போங்க." அவன் எதுவும் பேசலை. "அக்கா திட்டுவா"ன்னான். "திட்டட்டும்"னேன்.

அப்புறம் என்னாச்சுங்கிறது கடைசியில. அதுக்கு முன்னாடி, 'நாம காலேஜ் பசங்க, நமக்கும் இந்த மேட்டருக்கும் என்ன சம்பந்தம்?'னு பேப்பரைத் திருப்பப் போறீங்கன்னா ஒரு நிமிஷம். உங்க வீட்டுல ராத்திரி பத்து மணிக்கு மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுறது யாரு? அப்பாவா? நீங்கதான்! அக்காவோ, அண்ணியோ, சித்தியோ, பக்கத்து வீட்டு அக்காவோ, அவங்களுக்காகக் கடை கவுன்ட்டரில் நிக்கப் போறதும் அட்டையில் இங்கிலீஷைப் படிக்கப் போறதும் நீங்கதான். அதனால இது உங்க பாடம்.

அந்த மாத்திரை என்ன செய்யும்?

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென்... இதெல்லாம் ஒரே குடும்பத்து வலி மாத்திரைகள். சாதாரணமா நமக்குப் பல்வலி, சுளுக்குன்னா டாக்டர்கள் எழுதுறதுதான். ஆனா வயித்துல குழந்தை இருக்கும்போது கதை வேற.

குழந்தை மிதக்குற பனிக்குடநீர் எங்கிருந்து வருதுன்னு நினைக்கிறீங்க? பாதி கர்ப்ப காலத்துக்குப் பிறகு அதில் பெரும் பங்கு குழந்தையோட சிறுநீர்தான். இந்த வகை மாத்திரை தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போய், அதோட கிட்னியின் வேலையைக் குறைக்கும். சிறுநீர் குறைஞ்சா பனிக்குடநீர் குறையும். அதனாலதான் 20 வாரத்துக்கு மேல் இந்த மாத்திரைகளைத் தவிர்க்கணும்னு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரில் எச்சரிக்கை கொடுத்தது. இன்னும் கடைசி மாதங்களில், குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில் பிறந்த பிறகு மூட வேண்டிய ஒரு ரத்தக் குழாய் முன்கூட்டியே சுருங்கிப் போகவும் வாய்ப்பு உண்டு.

பயமா இருக்கா? இதையும் சேர்த்துப் படிங்க. பனிக்குடநீர் குறையுறது பெரும்பாலும் நாள்கணக்கா, வாரக்கணக்கா தொடர்ந்து சாப்பிட்டால்தான். நிறுத்தினா பெரும்பாலும் திரும்ப ஏறிடும். ரெண்டே ரெண்டு மாத்திரையில் குழந்தைக்குக் கெடுதல் வர்ற வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனா 'குறைவு'ன்னு முடிவு பண்ண வேண்டியது தம்பியும் இல்லை, நானும் இல்லை. வயித்தைத் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டா ஸ்கேன் பார்த்து டாக்டர் சொல்லணும். அதுக்கு அவங்களுக்கு விஷயம் தெரியணும். மறைச்ச பத்து நாள்தான் இதில் உண்மையான தப்பு.

இன்னொண்ணு. கர்ப்பிணிக்குப் பல்வலின்னா பொறுத்துக்கணும்னு ஒரு சட்டமும் கிடையாது. பல் டாக்டரிடம் போகலாம், மரத்துப் போற ஊசி போட்டு சிகிச்சையும் எடுத்துக்கலாம். 'மாசமா இருக்கேன்'னு முதல்லயே சொல்லிடணும், அவ்வளவுதான். அதுவரைக்கும் வலிக்கும் காய்ச்சலுக்கும் டாக்டர்கள் பொதுவா முதல்ல சொல்றது பாராசிட்டமால்தான், அதுவும் சரியான அளவில், தேவையான நாள் மட்டும்.

'பாராசிட்டமால் சாப்பிட்டா குழந்தைக்கு ஆட்டிசம் வருமாமே!'ன்னு வாட்ஸ்அப்ல வந்திருக்குமே? 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் மேடையில் பேசினதிலிருந்து கிளம்பினது அது. உலக சுகாதார நிறுவனம் உடனே, அப்படி உறுதியான ஆதாரம் இல்லைன்னு சொன்னது. அதுக்கு முன்னாடியே, 2024-ல் ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை எடுத்து ஆராய்ஞ்சாங்க. ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளை ஒப்பிட்டுப் பார்த்தப்போ சம்பந்தம் எதுவும் தெரியலை. மறக்காதீங்க, ஜுரத்தை மருந்து போடாம அப்படியே விடுறதும் வயித்துக் குழந்தைக்கு நல்லது இல்லை.

ஒரு தூக்க மாத்திரையின் கதை

மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும்கிறது இன்னைக்கு நமக்கு சாதாரணமா தெரியுது. உலகம் இதைக் கத்துக்கிட்டது ரொம்பக் கொடூரமான வழியில.

1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடுன்னு ஒரு மருந்து கடைக்கு வந்தது. தூக்கத்துக்கு நல்லது, மசக்கை வாந்திக்கும் நல்லது, ரொம்பப் பாதுகாப்பானதுன்னு விளம்பரம். டாக்டர் சீட்டுகூட இல்லாம வித்தாங்க. பல நாடுகளுக்குப் பரவிச்சு. கொஞ்ச நாள்ல கை வளராம, கால் வளராம, தோளிலிருந்தே விரல் முளைச்ச மாதிரி குழந்தைகள் பிறக்க ஆரம்பிச்சுது. ஜெர்மனியில் விடுகுண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைட்னு ரெண்டு டாக்டர்கள் தனித்தனியா இந்த மருந்து மேல சந்தேகப்பட்டாங்க. 1961 நவம்பரில்தான் ஜெர்மனியில் மருந்தை வாபஸ் வாங்கினாங்க. அதுக்குள்ள பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகம் முழுக்க 10,000-க்கு மேல.

அமெரிக்காவில் அந்தப் பெரிய சோகம் நடக்கலை. காரணம் ஒரு பெண். பிரான்சிஸ் கெல்சி. 1960-ல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க. அவங்க மேஜைக்கு வந்த முதல் ஃபைல்களில் ஒண்ணு தாலிடோமைடு. "கையெழுத்துப் போடுங்க, மத்த நாட்டுல எல்லாம் வித்துக்கிட்டிருக்கு"ன்னு கம்பெனி திரும்பத் திரும்ப நெருக்கியது. "ஆதாரம் போதாது, இன்னும் கொண்டு வாங்க"ன்னு அவங்க திருப்பித் திருப்பி அனுப்பினாங்க. 1962-ல் அதிபர் கென்னடி கூப்பிட்டு விருது கொடுத்தார். ஒரு ஃபைலில் கையெழுத்துப் போடாம இருந்ததுக்காக! எத்தனை வீட்டுக் குழந்தைகளோட கைகால்களை அந்தப் பேனா காப்பாத்தியிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

தாலிடோமைடில் இன்னொரு பாடம் இருக்கு. அது கெடுதல் செய்யுற காலம், கரு உருவான சுமார் 20-வது நாளிலிருந்து 36-வது நாள் வரைக்கும். அதாவது பல பெண்களுக்கு, 'நாள் தள்ளிப் போயிருக்கே'ன்னு சந்தேகம் வர்ற அதே நாட்கள். 'உண்டானதும் பார்த்துக்கலாம்'கிறது ஏன் லேட்டுன்னு இப்பப் புரியுதா?

உங்க ஹாஸ்டல் ரூம்லயே இருக்கு!

'அதெல்லாம் பழைய கதை'ன்னு சொல்றவங்களுக்கு: அதே மாதிரி ஜாக்கிரதையா இருக்க வேண்டிய மருந்து உங்க ஹாஸ்டல் அலமாரியிலேயே இருக்கலாம். பிம்பிளுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெட்டினாயின்!

முகப்பரு ரொம்ப மோசமா இருந்தா தோல் டாக்டர் எழுதுற நல்ல மருந்துதான். ஆனா இதைச் சாப்பிடுற நேரத்துல கரு உண்டானா, மூளை, இதயம், காதுன்னு பெரிய குறைபாடுகள் வர வாய்ப்பு ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை. எந்த மருந்தும் சாப்பிடாதவங்களுக்கே 100 பிரசவத்தில் 2, 3 குழந்தைகளுக்கு ஏதாவது பிறவிக் குறை இருக்கும். அதோட ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிசுன்னு தெரியும். அதனாலதான், இதைச் சாப்பிடும் பெண்கள் சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பம் ஆகக் கூடாதுங்கிறது கண்டிப்பான விதி.

பசங்களே, 'எனக்கு என்ன?'ன்னு தப்பிக்க முடியாது. இந்த மாத்திரை சாப்பிடுறப்பவும், நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் ரத்ததானம் செய்யக் கூடாது. காலேஜ் என்.எஸ்.எஸ். கேம்ப்ல நீங்க கொடுக்கிற ஒரு யூனிட், பிரசவ வார்டில் படுத்திருக்கிற ஒரு பெண்ணுக்கு ஏறலாம் இல்லையா? ஃபாரத்தில் 'இப்போது மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?'ன்னு கேட்கிறது சும்மா இல்லை.

ரூம்மேட் சாப்பிட்டு முகம் பளபளன்னு ஆயிடுச்சுன்னு அவ அட்டையிலிருந்து நாலு மாத்திரை கடன் வாங்குற பழக்கத்துக்கு இன்னையோட டாட்டா சொல்லிடுங்க.

சிவப்புக் கோட்டைப் பார்த்தீங்களா?

அடுத்த தடவை மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தா, இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு இருக்கான்னு பாருங்க. இருந்தா, டாக்டர் சீட்டு இல்லாம அந்த மருந்தை விற்கக் கூடாதுன்னு அர்த்தம். தம்பி வாங்கின மாத்திரையிலும் அந்தக் கோடு இருந்திருக்கணும். ஆனா கத்தரிச்ச அட்டையில் கோடு ஒரு துண்டுல, பேரு ஒரு துண்டுல, எக்ஸ்பயரி டேட் இன்னொரு துண்டுல!

கடைக்காரரை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவர் கேட்டது ரெண்டே கேள்வி. கேட்காத மூணாவது கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியது நாமதான். ஆக, இனிமே கவுன்ட்டரில் நிக்கும்போது:

1. வியாதியைச் சொல்றதுக்கு முன்னாடி ஆளைச் சொல்லுங்க. "அண்ணே, மாசமா இருக்காங்க, ஆறாவது மாசம்." இதுதான் முதல் வரி. குழந்தைக்குப் பால் கொடுக்கிறவங்கன்னா அதையும் சொல்லுங்க.

2. சீட்டு இருந்தா சீட்டைக் காட்டுங்க. இல்லைன்னா, டாக்டருக்கோ உங்க ஏரியா கிராம சுகாதார செவிலியருக்கோ போன் போட்டுட்டு வாங்குங்க. தமிழ்நாட்டில் 104-க்கு எந்த நேரமும் போன் பண்ணி மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

3. கத்தரிச்சுக் கொடுத்தா, பேரும் தேதியும் இருக்கிற பக்கத்தைக் கேட்டு வாங்குங்க. முடியலைன்னா முழு அட்டையையும் செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க.

4. பிராண்ட் பேரை நம்பாதீங்க. கீழே பொடி எழுத்துல இருக்கிற மருந்துப் பேரைப் படிங்க. ஜலதோஷ மாத்திரை ஒண்ணு, ஜுர மாத்திரை ஒண்ணுன்னு வாங்கினா, ரெண்டுலயும் பாராசிட்டமால் இருக்கும். தெரியாம டபுள் டோஸ் ஆயிடும்.

5. வீட்டுல மிச்சமிருக்கிற பழைய ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுக்காதீங்க. உதாரணத்துக்கு டெட்ராசைக்ளின் வகை. கர்ப்பத்தின் பிற்பாதியில் சாப்பிட்டா, பிறக்கிற குழந்தையோட பால் பற்களே கறை படிஞ்சு முளைக்கலாம்.

நெட்ல தேடினா 'பி கேட்டகரி, சி கேட்டகரி'ன்னு எழுத்து எழுத்தா வரும். அந்த எழுத்து முறை ஜனங்களைக் குழப்புதுன்னு அமெரிக்காவே 2015-ல் அதைக் கைவிட ஆரம்பிச்சுடுச்சு. நீங்க அதை வச்சு முடிவு எடுக்காதீங்க.

'மூலிகைதானே' என்கிற மூணாவது கண்ணி

திருவண்ணாமலைன்னா சித்தர் பூமி. பௌர்ணமி அன்னைக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்தா வழி நெடுக மூலிகைப் பொடி, லேகியம், வேர், எண்ணெய்னு கடைகளைப் பார்க்கலாம். 'இயற்கை மருந்து, சைடு எஃபெக்ட் கிடையாது'ன்னு சொல்லித்தான் விப்பாங்க. சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல வரலை. அஞ்சரை வருஷம் படிச்ச சித்த டாக்டர்களே, 'கர்ப்பிணிக்கு எதையும் கேட்காம கொடுக்காதே'ன்னுதான் சொல்வாங்க. பிரச்னை, யார் செஞ்சது, உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத பாக்கெட்டில்தான்.

2011, 2012-ல் அமெரிக்காவில் நியூயார்க் நகர சுகாதாரத் துறை, ரத்தத்தில் ஈயம் அதிகமா இருந்த ஆறு கர்ப்பிணிகளைக் கண்டுபிடிச்சது. விசாரிச்சப்போ ஆறு பேருமே இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்டவங்க. ஈயம் நஞ்சுக்கொடியைச் சுலபமா தாண்டி, குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் உலோகம்.

இதைவிட வேதனை ஒண்ணு இருக்கு. 'ஆம்பளைப் பிள்ளை பிறக்க மருந்து.' வடக்கே ஹரியானாவில் இந்த மாதிரி மருந்து சாப்பிட்ட தாய்மார்களை வச்சு ஆய்வுகள் நடந்திருக்கு. பிறவிக் குறைபாடும், வயித்திலேயே குழந்தை இறந்து போறதும் இவங்ககிட்ட அதிகமா இருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. ஆணா பெண்ணாங்கிறது கரு உருவாகுற அந்த நொடியிலேயே முடிவாகிப் போற விஷயம். அப்புறம் எந்த வேரும் அதை மாத்தாது. உங்க வீட்டுல எந்தப் பெரியம்மாவாவது அப்படி ஒரு பொட்டலத்தோட வந்தா, லைஃப் சயின்ஸ் படிக்கிற நீங்க வாயைத் திறக்கலைன்னா வேற யாரு திறப்பா?

எழுதக் கூச்சப்படற பாரா

இதையும் எழுதாம விட்டா இந்தப் பக்கத்துக்கு அர்த்தம் இல்லை. கேம்பஸில் ரகசியமா கைமாறுற ஒரு மாத்திரை உண்டு. கருக்கலைப்பு மாத்திரை. யாரோ ஒரு ஃப்ரெண்ட், யாரோ ஒரு கடை, கூடுதல் விலை. கரு குழந்தைப் பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தா இந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடிச்சு உள்ளேயே ரத்தம் கொட்டும். உயிரே போகலாம். எங்கே தங்கியிருக்கு, எத்தனை வாரம்னு டாக்டர் பார்க்காம தெரியாது.

2018 டிசம்பரில் இதே திருவண்ணாமலையில், டாக்டருக்குப் படிக்காமலே வீட்டில் வச்சுக் கருக்கலைப்பு செய்ததா ஒரு பெண்ணையும் அவர் கணவரையும் போலீஸ் கைது செஞ்சது பரபரப்பா பேசப்பட்டது. அங்கே போனவங்க எல்லாம் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகலை? பயம், வெட்கம், சட்டம் தெரியாதது. சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? 1971-ல் வந்து, 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, 20 வாரம் வரைக்கும் சட்டம் சொல்ற காரணங்களுக்காக ஒரு தகுதியான டாக்டரின் கருத்தோட, அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியில் செய்துக்கலாம். 18 வயசு முடிஞ்ச பெண்ணுக்கு அவ சம்மதம் மட்டும் போதும். கல்யாணம் ஆகலைங்கிறதுக்காக மறுக்கக் கூடாதுன்னு 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கு. அவ பெயரை வெளியே விடுறது குற்றம். உங்க ஃப்ரெண்ட் யாராவது இந்த நிலைமையில் இருந்தா, அட்வைஸ் எல்லாம் அப்புறம். கூட ஆஸ்பத்திரிக்குப் போங்க.

நிறுத்துறதும் ஆபத்துதான்!

இவ்வளவும் படிச்சுட்டு, 'அண்ணி, எந்த மாத்திரையும் போடாதீங்க!'ன்னு வீட்டுல எல்லாத்தையும் பிடுங்கி வச்சுடாதீங்க. அது அடுத்த தப்பு.

வலிப்பு இருக்கிறவங்க மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா, வலிப்பு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அதே சமயம், வால்ப்ரோயேட்ங்கிற வலிப்பு மருந்தால் 100-ல் சுமார் 10 குழந்தைகளுக்கு உடல் குறைபாடும், 30, 40 குழந்தைகளுக்கு வளர்ச்சி, கற்றல் பிரச்னைகளும் வரலாம். ஆகவே கல்யாணம் நிச்சயமாகிற நேரத்துலயே நரம்பு டாக்டரைப் பார்த்து வேற மருந்துக்கு மாத்திக்கணும். மாத்துறது டாக்டர் வேலை, நிறுத்துறது யாரோட வேலையும் இல்லை. தைராய்டு மாத்திரையைத் தொடரணும், பெரும்பாலும் அளவைக் கூட்டக்கூட வேண்டியிருக்கும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் தொடரணும். தாய்க்கு மூச்சு முட்டினா குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும். காசநோய்க்கு வழக்கமான மாத்திரைகளைக் கர்ப்பத்திலும் சாப்பிடலாம். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் கூடாது, குழந்தையின் காது கேட்கிற திறனைக் கெடுக்கும்.

பயமும் எப்படிக் கெடுதல் செய்யும்கிறதுக்கு இன்னொரு மாத்திரைக் கதை. மசக்கை வாந்திக்கு டாக்சிலமைன், வைட்டமின் பி6 சேர்ந்த மாத்திரை. நம்ம ஊர்லயும் டாக்டர்கள் எழுதுறதுதான். அமெரிக்காவில் இதனால் குறைபாடு வருதுன்னு கேஸ் மேல கேஸ் போட்டாங்க. கம்பெனி வெறுத்துப் போய் 1983-ல் தானே நிறுத்திடுச்சு. ஆய்வு மேல ஆய்வு வந்தது, கெடுதல்னு எதுவும் நிரூபணம் ஆகலை. அந்த இடைவெளியில் வாந்தி தாங்காம ஆஸ்பத்திரியில் சேர்ந்த கர்ப்பிணிகள்தான் அதிகமானாங்க. 2013-ல் அதே மருந்துக் கலவைக்கு மறுபடி அனுமதி கொடுத்தாங்க. தாலிடோமைடை நம்பினதும் தப்பு, இதைப் பார்த்துப் பயந்ததும் தப்பு!

அப்புறம், சாப்பிட்டே ஆக வேண்டிய மாத்திரையும் ஒண்ணு இருக்கு. ஃபோலிக் ஆசிட். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகுற குழாய், கரு உருவான 28 நாளுக்குள்ள மூடிடணும். மூடலைன்னா முதுகு பிளந்த மாதிரி குறைபாடு. ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தை பிறந்த தாய்மாருக்கு ஃபோலிக் ஆசிட் கொடுத்துப் பார்த்ததில், மறுபடி அது வர்றது ஏறத்தாழ முக்கால்வாசி குறைஞ்சதுன்னு 1991-ல் பிரிட்டன் ஆய்வு காட்டுச்சு. குழந்தைக்குத் திட்டமிடும்போதே இதை ஆரம்பிக்கணும், விலையும் ரொம்பக் கம்மி. அப்புறம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமா கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரை. 'கறுப்பா மலம் போகுது, குழந்தை கறுப்பாயிடும்'னு அதை ஜன்னல் வழியா வீசுற அண்ணிகள் எத்தனை பேர்! குழந்தையோட நிறத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு எடுத்துச் சொல்லுங்க.

சரி, அந்தத் தம்பி?

ஒரு வாரம் கழிச்சு அவனே போன் பண்ணினான். அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டானாம். அக்கா திட்டலை. "இதுக்காடா பத்து நாளா சோறு திங்காம சுத்துன?"ன்னு அவ அழுதிருக்கா. அம்மாதான் ரெண்டு போடு போட்டாங்களாம். மறுநாள் டாக்டர் அந்தத் துண்டு அட்டையை வாங்கிப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, பனிக்குடநீர் சரியா இருக்கு, குழந்தை நல்லா இருக்குன்னு சொன்னாங்களாம். "இனிமே கேட்காம எதுவும் வாங்காதே. ஆனா கொண்டு வந்து காட்டினியே, அது சரி"ன்னாங்களாம். பல்லுக்கும் பல் டாக்டரிடம் போய் சிகிச்சை ஆரம்பிச்சாச்சு.

"இப்ப மெடிக்கல் போனா என்ன சொல்வே?"ன்னு கேட்டேன். யோசிக்காம சொன்னான்: "அண்ணே, எங்க அக்கா மாசமா இருக்கா. அப்புறம்தான் மத்ததெல்லாம்!"

அடுத்த தீபத்துக்குத் தேர் பின்னாடி, மாட வீதியில் கரும்புத் தொட்டில் தூக்கிட்டு அக்காவும் மாமாவும் போவாங்க. தாய்மாமன் இவன். கூட்டத்துல தொட்டிலுக்கு இடிபடாம வழி விலக்குற வேலை அவனுக்குத்தானாம், இப்பவே சொல்லிட்டாங்களாம்.

அடுத்த வாரம் வேற ஒரு லெட்டரோட பார்ப்போம். அதுவரைக்கும், கவுன்ட்டரில் முதல் வரி ஞாபகம் இருக்கட்டும்!